ஷெஃபீல்டின் 11 விதிகள்: கால்பந்து கிளப்புகள் உருவான விதம்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரக் கால்பந்து கிளப் 1858ல் எழுதிவைத்த 11 விதிகளில் கடைசி விதி தொப்பியைப் பற்றியது. ஒவ்வொரு ஆட்டக்காரரும் சிவப்பில் ஒன்று, கருநீலத்தில் ஒன்று என்று ஃபிளானல் தொப்பிகளைத் தாமே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்தன்று ஒரு தரப்பு ஒரு நிறம், மறுதரப்பு மற்ற நிறம். ஒரே கிளப்பில் இருப்பவருக்கு எதற்கு இரண்டு நிறம்? எதிர்த்து ஆட வேறு கிளப் இல்லை. உறுப்பினர்கள் தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடினார்கள்: கல்யாணமானவர்கள் ஒரு பக்கம், ஆகாதவர்கள் ஒரு பக்கம். இன்று சிவப்பு போட்டவர் அடுத்த வாரம் நீலம் போட வேண்டியிருக்கும்.

கால்பந்து கிளப் என்ற அமைப்பு எப்படி வளர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள இந்தத் தொப்பி விதியைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஒரு கிளப் மட்டும் இருக்கும்வரை அது வைத்ததுதான் சட்டம். இரண்டாவது கிளப் வந்ததும் யாருடைய சட்டப்படி ஆடுவது என்ற கேள்வி எழுகிறது. இன்று நாம் பார்க்கும் ஆட்டத்தில் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குச் சொன்ன பதில்கள்தான்.

கால்பந்து அதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே இங்கிலாந்தில் இருந்தது. கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாயன்று ஊர் இரண்டாகப் பிரிந்து, தெருவிலும் வயலிலும் ஆற்றிலும் இறங்கிப் பந்துக்காக முட்டிமோதும். ஆஷ்போர்ன் ஊரில் இன்றும் நடக்கிறது. ஆள் கணக்கும் எல்லையும் அதற்குக் கிடையாது. 1835ன் நெடுஞ்சாலைச் சட்டம் பொதுவழியில் போவோர் வருவோருக்குத் தொந்தரவாகக் கால்பந்து ஆடினால் 40 ஷில்லிங் வரை அபராதம் என்றது. தெருவில் ஆடுவது இப்படிச் சுருங்க, பணக்கார வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படித்த பள்ளிகளில் ஆட்டம் செழித்தது. அங்கே இருந்த இடத்துக்கு ஏற்ப ஆட்டம் மாறியது. வெஸ்ட்மின்ஸ்டர், சார்ட்டர்ஹவுஸ் போன்ற லண்டன் பள்ளிகளில் கல் பாவிய முற்றம். விழுந்தால் எலும்பு முறியும். அதனால் பந்தைக் காலடியில் வைத்து உருட்டிக்கொண்டு போகும் ஆட்டம். ரக்பி பள்ளியில் அகன்ற புல்வெளி. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், ஓடுகிறவனை இழுத்துத் தள்ளலாம். ரக்பி மாணவர்கள் 1845ல் விதிகளை எழுதினார்கள். இந்தப் பிள்ளைகள் கேம்பிரிட்ஜில் ஒன்றாகச் சேர்ந்தபோது ஒருவர் ஆட்டம் மற்றவருக்குப் புரியவில்லை. 1848ல் பல்கலைக்கழகத்துக்கென்று ஒரு பொது விதித்தொகுப்பு எழுத வேண்டியிருந்தது.

கிளப் என்ற பெயரில் சேர்ந்து ஆடியதிலும் ஷெஃபீல்டு முதலாவது அல்ல. எடின்பரோவில் ஜான் ஹோப் என்ற சட்ட மாணவர் 1824ல் ஒரு கால்பந்து கிளப் தொடங்கினார். உறுப்பினர் பட்டியலும் வரவுசெலவுக் கணக்கும் இன்றும் இருக்கின்றன. அது 1841ல் நின்றுபோனது. அறுந்துபோகாமல் இன்றுவரை வருகிற கால்பந்து கிளப்புகளில் பழையது ஷெஃபீல்டு. அந்த இடத்தை ஃபிஃபாவும் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

24 அக்டோபர் 1857 அன்று அதைத் தொடங்கியவர்கள் இரண்டு பேர்: வழக்கறிஞர் நத்தானியல் கிரெஸ்விக், ஒயின் வியாபாரி வில்லியம் பிரெஸ்ட். இருவரும் கிரிக்கெட் ஆடுகிறவர்கள். பிரெஸ்ட் யார்க்‌ஷயர் மாவட்ட அணிக்கே ஆடியவர். கிரிக்கெட் கோடையோடு முடிந்துவிடும். குளிர்கால மாதங்களில் உடம்பைக் கெட்டுப்போகவிடாமல் வைத்துக்கொள்ள ஏதாவது வேண்டும். கிளப்பின் முதல் தலைவர் ஃபிரெடரிக் வார்டின் குடும்பத்துக்கு ஈஸ்ட் பேங்க் சாலையில் ஒரு வீடு இருந்தது. செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம்தான் கிளப் அலுவலகம். பக்கத்து வயல்தான் மைதானம்.

அவர்களுடைய விதிகளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஆட்டம் நடுவிலிருந்து, தரையில் வைத்த பந்தை உதைத்துத் தொடங்க வேண்டும். வானில் வரும் பந்தைத் தரையில் படுமுன் யார் பிடித்தாலும் அவருக்கு ஒரு ஃப்ரீ கிக். பந்தைக் கையால் தட்டலாம், தள்ளலாம். தரையிலிருந்து எடுக்கக் கூடாது, பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. எதிராளியைக் கையால் தள்ளலாம். உதைப்பதும் காலை இடறிவிடுவதும் எந்த நிலையிலும் கூடாது. கோல் உதைத்தே போட வேண்டும். பந்தைப் பிடித்துக் கிடைத்த ஃப்ரீ கிக்கில் நேராகப் போட்டால் செல்லாது. பந்து பக்கக்கோட்டுக்கு வெளியே போனால் அதை முதலில் தொட்ட தரப்பு கோட்டருகே கொண்டுவந்து, குறைந்தது 6 கஜம் நேராக எறிய வேண்டும்.

இதில் இல்லாதவைதான் இன்றைய வாசகர் கண்ணில் முதலில் படும். கோல்கீப்பர் இல்லை, நடுவர் இல்லை, ஆள் எண்ணிக்கை இல்லை, நேரம் இல்லை, ஆஃப்சைடும் (பந்துக்கு முன்னால் எதிரணிக் கோலருகே போய் நிற்பதைத் தடுக்கும் விதி) இல்லை. ஆஃப்சைடு இல்லாததால் என்ன நடந்தது? எதிரணியின் கோலுக்குப் பக்கத்திலேயே ஒருவரை நிறுத்திவிட்டு, பந்தை அவர் பக்கம் ஓங்கி உதைப்பார்கள். அப்படி நிற்பவருக்கு அங்கே தனிப் பெயரே இருந்தது. அவரைத் தடுக்க எதிரணியும் ஒருவரைப் பின்னால் நிறுத்த வேண்டும். கோல் காக்கும் வேலை தனி ஒருவருடையதாக ஆனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு சிக்கல், கோலே விழாதது. ஷெஃபீல்டின் கோல் 4 கஜம் அகலம்தான், இன்றைய கோலில் பாதி. 20 பேர் முட்டிக்கொண்டிருக்கும் சேற்று மைதானத்தில் அதற்குள் பந்தை அடிப்பது லேசான காரியம் அல்ல. ஆட்டத்துக்கு ஆட்டம் பூஜ்யம். எனவே 1862ல் ஈட்டன் பள்ளியின் ஆட்டத்திலிருந்து 'ரூஜ்' என்ற ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். கோல்கம்பத்திலிருந்து இரு பக்கமும் 4 கஜம் தள்ளி ஒவ்வொரு கொடி நட்டார்கள். கோலுக்குள் போகாமல் இந்தக் கொடிகளுக்கு நடுவே பந்து கடந்தால், ஓடிப்போய் அதை முதலில் தொடும் தாக்குதல் ஆட்டக்காரருக்கு ஒரு ரூஜ். கோல் கணக்கு சமமாக இருந்தால் ரூஜ் கணக்கில் வெற்றி. 1868ல் இதைக் கைவிட்டார்கள். ஆனால் கோட்டுக்கு வெளியே போன பந்தை என்ன செய்வது என்று அவர்கள் போட்டுப் பார்த்த கணக்கிலிருந்துதான் கார்னர் கிக் வந்தது. லண்டனில் பின்னர் உருவான கால்பந்துச் சங்கம் அதை 1872ல் எடுத்துக்கொண்டது.

இரண்டாவது கிளப் 1860ல் வந்தது. ஷெஃபீல்டின் மேற்கு ஓரத்து ஹாலம் கிராமத்துக் கிரிக்கெட்காரர்கள் தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பர் 26 அன்று, பனி படர்ந்த சாண்டிகேட் மைதானத்தில், அணிக்கு 16 பேராக இரு கிளப்புகளும் மோதின. ஷெஃபீல்டு 2-0 என்று வென்றது. கிளப்புக்கும் கிளப்புக்கும் நடந்த போட்டிகளின் வரிசை இங்கிருந்துதான் நூல் பிடித்ததுபோல் வருகிறது. ஹாலம் ஷெஃபீல்டின் விதிகளையே ஏற்றுக்கொண்டதால் இந்த ஆட்டம் சாத்தியமானது. விதியில் ஒத்துப்போனாலும் மனம் ஒத்துப்போக வேண்டும் என்பதில்லையே: 1862 டிசம்பரில் இதே இரு அணிகளும் ஷெஃபீல்டின் பிரமால் லேன் மைதானத்தில் ஆடியபோது கைகலப்பாகி, பார்க்க வந்தவர்களும் உள்ளே இறங்கிவிட்டார்கள். இத்தனைக்கும் அது நல்ல காரியத்துக்காக நிதி திரட்டிய ஆட்டம். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வராமல், லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்கள் பட்டினி கிடந்த நேரம் அது.

லண்டனில் நிலைமை வேறு. அங்கே கிளப்புகள் பல. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பள்ளியில் படித்தவர்கள். போட்டி ஏற்பாடு செய்வதே கடிதப் போக்குவரத்தில் ஒரு பேரம். அணிக்கு எத்தனை பேர், எத்தனை மணி நேரம், என்ன பந்து, யார் விதி? பாதி நேரம் உங்கள் விதி, மீதி எங்கள் விதி என்றெல்லாம் ஆடிப் பார்த்தார்கள். பந்தைக் கையில் எடுத்து ஓடிப் பழகியவன் எதிரே, அது தவறென்று வளர்ந்தவன் நின்றால் சண்டைதான் வரும்.

இதைத் தீர்க்க பார்ன்ஸ் கிளப்பின் எபினேசர் காப் மார்லி ஒரு கூட்டம் கூட்டினார். 26 அக்டோபர் 1863, கிரேட் குயின் தெருவின் ஃபிரீமேசன்ஸ் டாவர்ன். அன்று கால்பந்துச் சங்கம் பிறந்தது; 11 கிளப்புகளும் பள்ளிகளும் பதிவு செய்துகொண்டன; ஆண்டுச் சந்தா ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். டிசம்பர் 8 வரை ஆறு கூட்டங்கள் நடந்தன.

வரைவு விதிகளில் 9வதும் 10வதும்தான் தீப்பொறி. பந்தைப் பிடித்தவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம் என்றது ஒன்று. அப்படி ஓடுகிறவரைப் பிடிக்கலாம், இடறிவிடலாம், முன்னங்காலில் உதைக்கலாம் என்றது மற்றொன்று. உதைப்பதை எடுத்துவிட்டால் ஆட்டத்தின் வீரமே போய்விடும், ஒரு வாரம் பழகிய பிரெஞ்சுக்காரர்களைக் கூட்டிவந்து உங்களைத் தோற்கடித்துக் காட்டுகிறேன் என்று வாதாடினார் பிளாக்ஹீத் கிளப்பின் கேம்பல். காலையில் வேலைக்குப் போக வேண்டியவர்கள் கால் எலும்பு முறிந்து வீட்டில் கிடக்க முடியாது என்பது மறுதரப்பின் நிலை. ஷெஃபீல்டின் செயலாளர் வில்லியம் செஸ்டர்மன் சந்தாவோடு அனுப்பிய கடிதத்தில், இந்த இரண்டு விதிகளும் கால்பந்துக்கே விரோதமானவை, மல்யுத்தம் மாதிரி இருக்கின்றன என்று எழுதினார். இரண்டும் நீக்கப்பட்டன. பிளாக்ஹீத் வெளியேறியது, 1871ல் ரக்பி ஒன்றியத்தைத் தொடங்கிய 21 கிளப்புகளில் அதுவும் இருந்தது.

ஆக லண்டனின் 1863 விதிகள் ஆட்டத்தின் வடிவத்தை முடிவு செய்துவிட்டன என்று பள்ளிப் புத்தகம்போலச் சொல்லிவிட முடியாது. அந்த விதிகளை எடுத்து வாசித்தால் அது தெரியும். மைதானம் அதிகபட்சம் 200 கஜம் நீளம், 100 கஜம் அகலம். கோல்கம்பங்களுக்கு நடுவே 8 கஜம். மேலே நாடாவோ கம்போ கிடையாது, எவ்வளவு உயரத்தில் போனாலும் கோல். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பக்கம் மாற வேண்டும். பந்துக்கு முன்னால் நிற்கும் எவரும் ஆட்டத்தில் சேரக் கூடாது, அதாவது முன்னோக்கிப் பாஸ் செய்வதே முடியாது. பூட்ஸில் ஆணி துருத்திக்கொண்டிருக்கக் கூடாது, இரும்புத் தகடும் கூடாது. அணிக்கு எத்தனை பேர், எவ்வளவு நேரம், தீர்ப்புச் சொல்வது யார், தப்பு செய்தால் என்ன தண்டனை என்று ஒரு வரியும் இல்லை. அவை எல்லாம் இரு கேப்டன்களின் நாணயத்துக்கு விடப்பட்டன. மார்லியின் பார்ன்ஸ் அந்த டிசம்பர் 19 அன்று ரிச்மண்டோடு அணிக்கு 15 பேர் வைத்து ஆடிய முதல் ஆட்டம் 0-0.

ஷெஃபீல்டு கிளப் லண்டன் சங்கத்துக்குச் சந்தா கட்டியது, ஆனால் ஊரில் தன் விதிப்படியே ஆடிக்கொண்டிருந்தது. 31 மார்ச் 1866 அன்று பாட்டர்சி பூங்காவில் லண்டனும் ஷெஃபீல்டும் மோதின. லண்டன் விதிப்படி ஆட்டம். கடிதத்தில் முன்கூட்டியே பேசி முடித்தவை: அணிக்கு 11 பேர், மூன்று மணியிலிருந்து நாலரை வரை, லில்லிவைட் கம்பெனியின் 5ஆம் எண் பந்து. 11 பேர், 90 நிமிடம், 5ஆம் எண் பந்து என்று இன்று உலகம் முழுதும் பழகிப்போனவை இப்படி ஒரு போட்டிக்காக இரு ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டதில் சேர்ந்து வந்ததுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த இடம். லண்டன் 2 கோல், 4 டச்டவுன் (ரூஜ் போல, கோட்டுக்கு அப்பால் போன பந்தைத் தொட்டுப் பெறுவது) கணக்கில் வென்றது.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் லண்டன் சங்கத்தில் இருந்த கிளப்புகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இனியும் நடத்த வேண்டுமா என்று அவர்களே யோசித்த நேரம். அதே மாதங்களில் ஷெஃபீல்டில் தாமஸ் யூடன் என்ற நாடக அரங்கு உரிமையாளர் தந்த கோப்பைக்கு 12 கிளப்புகள் மோதின. மார்ச் 1867ல் பிரமால் லேனில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஹாலம், நார்ஃபோக் கிளப்பை வென்றது, கோலில் அல்ல, இரண்டு ரூஜ் கணக்கில். சுமார் 3,000 பேர் பார்த்தார்கள். அந்த நாளில் கால்பந்தின் தலைநகர் எது என்று கேட்டால், நான் ஷெஃபீல்டு என்றே சொல்வேன்.

கிளப்புகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு நாலைந்து ஊற்றுகள் உண்டு. முதல் ஊற்று கிரிக்கெட். ஷெஃபீல்டில் புதன்கிழமை அரைநாள் விடுமுறை கிடைத்தவர்கள் நடத்திய 'தி வெட்னஸ்டே' கிரிக்கெட் கிளப், குளிர்காலத்தில் ஆட்கள் சிதறாமல் இருக்க 1867 செப்டம்பரில் கால்பந்துக் கிளையைத் தொடங்கியது. அதுதான் இன்றைய ஷெஃபீல்டு வெட்னஸ்டே. அடுத்தது தேவாலயம்: போல்ட்டன் வாண்டரர்ஸ் 1874ல் கிறைஸ்ட் சர்ச் பெயரில் தொடங்கியது, எவர்ட்டன் 1878ல் செயின்ட் டொமிங்கோ தேவாலயத்தின் அணியாக. இன்னொன்று பட்டறை: நியூட்டன் ஹீத் ரயில்வே பட்டறைக்காரர்களின் அணிதான் பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட்.

ஒரு கிளப் தொடங்க எவ்வளவு செலவு? 1886ல் லண்டன் வுல்விச் ஆயுதத் தொழிற்சாலையில் 15 தொழிலாளர்கள் ஆளுக்கு 6 பென்ஸ் போட்டார்கள், டேவிட் டான்ஸ்கின் மேலும் 3 ஷில்லிங் சேர்த்தார். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங் என்பதால் மொத்தம் 10 ஷில்லிங் 6 பென்ஸ். அதாவது லண்டன் சங்கத்தின் ஆரம்பகால ஆண்டுச் சந்தாவில் சரிபாதி. அதில் பந்து வாங்கியதோடு சரி, சட்டைக்குக் காசு இல்லை. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப் சிவப்புச் சட்டைகளைக் கொடுத்து உதவியது. அவர்கள் தொடங்கிய ஆர்சனல் கிளப் இன்றும் சிவப்பு உடுத்துவது அதனால்தான்.

நேரம்தான் பணத்தைவிடக் கிடைக்காத பொருளாக இருந்தது. 1850ன் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் சனிக்கிழமை மதியம் 2 மணியோடு வேலையை முடித்தது. அவர்கள் போனால் ஆலையும் நின்றுவிடும், ஆண்களும் கிளம்ப வேண்டியதுதான். சனிக்கிழமை மூன்று மணி ஆட்டம் என்ற வழக்கத்துக்குத் தரை போட்டது இந்தச் சட்டம்.

பந்தும் மாறியது. பன்றியின் சிறுநீர்ப்பையை ஊதித் தோலுக்குள் வைத்துத் தைப்பார்கள். பன்றி எந்த வடிவமோ பந்தும் அந்த வடிவம், உருட்டினால் நேராகப் போகாது. ஊதுகிறவர் வாயால் ஊத வேண்டும். பை கெட்டுப்போனதாக இருந்தால் நோய் ஒட்டும். ரக்பி ஊரில் பந்து செய்த ரிச்சர்ட் லிண்டனின் மனைவி இந்த வேலை பார்த்தே நுரையீரல் நோயில் இறந்தார் என்பார்கள். லிண்டன் 1860களின் தொடக்கத்தில் ரப்பர் பையும் அதற்கொரு காற்றடிக்கும் பம்பும் செய்தார். அளவு சீரான பந்து கிடைத்தபின் 1872ல் லண்டன் சங்கம் சுற்றளவு 27 முதல் 28 அங்குலம் என்று எழுதியது. இன்றும் அதே அளவுதான்.

கிளப்புகளை ஒரே விதிக்குள் கொண்டுவந்தது விவாதத்தைவிட ஒரு கோப்பைதான். சங்கத்தின் செயலாளர் சார்லஸ் ஆல்காக் 1871ல் தோற்றவர் வெளியேறும் முறையில் ஒரு போட்டியை முன்மொழிந்தார். ஹாரோ பள்ளியில் விடுதிகளுக்குள் அவர் ஆடிப் பழகிய முறை அது. கோப்பையின் விலை சுமார் 20 பவுண்டு. முதல் ஆண்டு 15 கிளப்புகள் பெயர் கொடுத்தன. கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க் அரையிறுதியில் வாண்டரர்ஸ் என்ற லண்டன் கிளப்புடன் டிரா செய்தது. மறு ஆட்டத்துக்கு லண்டனில் தங்கப் பணமில்லாமல் ஊருக்குத் திரும்பிவிட்டது. 16 மார்ச் 1872 அன்று ஓவல் மைதானத்தில் வாண்டரர்ஸ் 1-0 என்று ராணுவப் பொறியாளர்களின் அணியான ராயல் எஞ்சினியர்ஸை வென்றது. கோப்பையில் ஆட வேண்டுமென்றால் சங்கத்தின் விதிப்படி ஆட வேண்டும். விதிக்கு வாதாடிப் பெற முடியாத ஒப்புதலைக் கோப்பை வாங்கித் தந்தது.

சங்கமும் இறங்கி வந்தது. 1866ல் ஆஃப்சைடைத் தளர்த்தி, பந்தை வாங்குபவருக்கு முன்னால் எதிரணியில் மூன்று பேர் இருந்தால் போதும் என்றது. அன்றிலிருந்துதான் முன்னோக்கிப் பாஸ் உண்டு. கோல்கம்பங்களுக்கு மேலே 8 அடி உயரத்தில் நாடா கட்டியதும் அதே ஆண்டு. 1877ல் த்ரோவை எந்தத் திசையிலும் எறியலாம் என்று மாற்றியதும் ஷெஃபீல்டு தன் தனி விதிகளை விட்டுவிட்டு லண்டனோடு சேர்ந்தது. நீண்ட இழுபறி அத்தோடு முடிந்தது.

பிறகு வந்த பிரச்சினை பணம். பார்வையாளர் கட்டணம் வரத் தொடங்கியதும் லங்காஷயர் கிளப்புகள் ஸ்காட்லாந்து ஆட்டக்காரர்களை ஆலை வேலை என்ற பெயரில் வரவழைத்தன. 1884ல் பிரெஸ்டன் கிளப்பின் வில்லியம் சடல் அப்படித்தான் செய்கிறோம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்; கோப்பைப் போட்டியிலிருந்து பிரெஸ்டன் விலக்கப்பட்டது. வடக்கத்திக் கிளப்புகள் பிரிந்துபோவதாக மிரட்ட, 20 ஜூலை 1885 அன்று சம்பள ஆட்டம் சட்டமானது. சம்பளம் கொடுத்தால் வாராவாரம் நிச்சயமான வசூல் வேண்டும். சாதாரணப் போட்டியைக் கோப்பை ஆட்டத்துக்காகக் கடைசி நேரத்தில் ரத்து செய்தால் வசூல் போச்சு. ஆஸ்டன் வில்லாவின் வில்லியம் மெக்ரிகர் மார்ச் 1888ல் மற்ற கிளப்புகளுக்குக் கடிதம் எழுதி, முன்பே நாள் குறித்த ஆட்டங்களின் அட்டவணையைக் கேட்டார். 12 கிளப்புகளோடு ஃபுட்பால் லீக் அந்த செப்டம்பரில் தொடங்கியது.

ஷெஃபீல்டு கிளப் சம்பளத்துக்குச் சம்மதிக்கவில்லை. தன் ஊரிலேயே வெட்னஸ்டேயும் பின்னர் ஷெஃபீல்டு யுனைடெட்டும் பெரிதாகிக்கொண்டிருக்க, அது அமெச்சூராகவே நின்றது. 1904ல் அமெச்சூர் கோப்பையை வென்றது. 2011ல், நிதி தேவைப்பட்டு, தன் பழைய ஆவணங்களைக் கையால் எழுதிய அந்த விதிகளோடு லண்டனில் ஏலத்தில் விற்றது. கிடைத்தது 8,81,250 பவுண்டு. கிளப் இன்றும் இருக்கிறது. 2001 முதல் ஷெஃபீல்டு எல்லைக்கு வெளியே, டிரான்ஃபீல்டில் ஒரு மதுக்கடைக்குப் பின்னால் உள்ள மைதானத்தைச் சொந்த மைதானமாக்கிக்கொண்டது. ஹாலம் இன்னும் சாண்டிகேட்டில்தான் ஆடுகிறது.